புல்லோரத் தாவிகள்: சின்னஞ்சிறு பழுப்பு வண்ணத்துப்பூச்சிகளைக் கண்டு, பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ நடக்கும்போது காலடியிலிருந்து விருட்டென்று கிளம்பி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு புல்நுனியில் போய் ஒட்டிக்கொள்ளும் பழுப்புப் பூச்சியை அந்துப்பூச்சி என்றே பலரும் கடந்துபோகிறார்கள். அது வண்ணத்துப்பூச்சிதான். ஹெஸ்பெரிடே குடும்பம், ஆங்கிலத்தில் ஸ்கிப்பர், தமிழில் தாவி. உலகம் முழுக்க ஏறத்தாழ 3,500 இனங்கள் இதில் உண்டு. அவற்றில் பெரும்பங்கு வெப்பமண்டலத்தில்தான் வாழ்கிறது.

தமிழ்நாட்டுச் சமவெளியிலும் இலங்கையின் தாழ்நிலங்களிலும் புல்லை நம்பி வாழும் சிறிய தாவிகளுக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. ‘பார்த்தவுடன் பெயர் சொல்வது’ இந்தக் கூட்டத்தில் நடக்காது. பெரும்பாலானவற்றின் நிறம் ஒன்றுபோலவே இருக்கும். எந்த இடத்தில் புள்ளி இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்பதை வரிசையாகப் பார்த்துப் போனால் மட்டுமே பெயர் கிடைக்கும். அப்படியும் சிலவற்றுக்குக் கிடைக்காது.

படி 1: இடமும் நேரமும்

மழை பெய்து புல் தழைத்த மூன்று நான்கு வாரத்தில் தேடத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கிழக்குச் சமவெளியில் அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் தென்மேற்கு மழைக்குப் பிறகும் ஒரு சுற்று வரும்.

வெட்டி மட்டம் செய்த பூங்காப் புல்தரையில் அதிகம் கிடைக்காது. முழங்கால் உயரப் புல்லும் அதை ஒட்டிப் பூச்செடியும் இருக்க வேண்டும். வாய்க்கால் ஓரம், தரிசு, கரும்புத் தோட்டத்து வேலி, ஏரியின் உள்வாய், மலையடிவாரத்தில் மாடு மேயும் வெளி எல்லாம் ஏற்ற இடங்கள். பூக்களில் தாத்தாப்பூ என்கிற வெட்டுக்காயப் பூண்டு, தும்பை, சீமை நாயுருவி, உண்ணிச்செடி நான்கையும் முதலில் பாருங்கள். தாவிகளின் உறிஞ்சுகுழல் உடலளவுக்கு மிக நீளமானது. ஆழமான குழல்பூவிலும் தேன் எடுத்துவிடும்.

காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை சிறந்த நேரம். இரவுக் குளிர்ச்சி விலகாததால் வெயில் காய உட்காரும், விரைவில் பறக்காது, இறகை விரித்துக் காட்டும். 10 மணிக்கு மேல் உடல் சூடேறியதும் அம்பு மாதிரி பறக்கும். கண்ணால் தொடர்வதே சிரமம். மாலை 4 மணிக்குப் பிறகு மறுபடி அடங்கும். முழு மேகமூட்டமான நாளில் புல்லுக்குள் இறங்கி மறைந்துவிடுவதால் அலைச்சல்தான் மிச்சம்.

காய்ந்த பறவை எச்சத்தையும் விடாமல் பாருங்கள். ஸ்விஃப்ட் வகைத் தாவி (படி 6இல் வரும் பழுப்புத் தாவிகள்) அதன்மேல் உட்கார்ந்து, வயிற்று நுனியை வளைத்து ஒரு துளி நீரை விட்டு, எச்சத்தைக் கரைத்து, அதையே உறிஞ்சும். அந்த வேலையில் இருக்கும்போது அரையடி தூரம் வரை விடும். படம் எடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

படி 2: கையில் என்ன வேண்டும்

2 மீட்டருக்குள் குவியும் 8 மடங்கு பைனாகுலர் இருந்தால் போதும். சாதாரணப் பறவை பைனாகுலர் பல 3 மீட்டருக்குக் கிட்டே குவியாது. வாங்குமுன் அதைச் சரிபார்க்க வேண்டும். கேமரா என்றால் 90 முதல் 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ். அது இல்லாவிட்டால் 70–300 ஜூம் லென்ஸும் உதவும். கைபேசியில் எடுப்பவர்கள் டிஜிட்டல் ஜூமைத் தொடாமல் கிட்டப் போய் எடுத்துப் பின்னால் வெட்டிக்கொள்ளலாம்.

ஷட்டர் வேகம் 1/500க்குக் குறையக் கூடாது, அபர்ச்சர் எஃப்/8 பக்கம். ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத்தாள் மாதிரி ஏதாவது ஒன்றால் ஒளியைப் பரப்புங்கள். நேரடி ஃபிளாஷில் பழுப்புச் செதில்கள் பளபளத்து, இல்லாத புள்ளி இருப்பதாகத் தோன்றும்.

பூச்சிவலை தேவையில்லை. வனத்துறை நிலத்தில் அனுமதியின்றி வலை வீசுவது சட்டப்படி குற்றம், அது தெரியாமல் மாட்டிக்கொள்ள வேண்டாம். முழுக்கால் சட்டையும் கணுக்காலை மூடும் காலணியும் அவசியம். எலி நடமாடும் வரப்புப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கும்.

படி 3: நெருங்குதல்

எழுப்பிவிட்ட பூச்சியைத் துரத்தாதீர்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆண் தாவி பெரும்பாலும் ஒரே புல்நுனியைக் காவல் மேடையாக வைத்திருக்கும். சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வரும். வந்ததும் உங்கள் நிழல் அதன்மேல் விழாத பக்கத்திலிருந்து, தரையோடு தாழ்ந்து, பக்கவாட்டில் நகருங்கள். மேலிருந்து கை நீட்டினால் போய்விடும். பார்வையாளர் செய்யும் பொதுத் தவறு, முதல் நல்ல படத்துக்காகப் பொறுமையாக முழங்காலில் ஊர்ந்துவிட்டு, எடுத்தவுடன் எழுந்துவிடுவது. அடையாளத்துக்கு ஒரு படம் போதாது.

எடுக்க வேண்டிய வரிசை இது. முதலில் மூடிய இறகின் அடிப்பக்கம், கேமரா இறகுக்கு இணையாக. இரண்டாவது, வெயில் காயும்போது பாதி விரிந்த முன்னிறகின் மேற்பக்கம், பின்னால் சற்று உயரத்திலிருந்து. மூன்றாவது, உணர்கொம்பின் நுனி. நான்காவது, உட்கார்ந்த செடி. இரண்டாவதுதான் பலருக்கும் விட்டுப்போகிறது. ஆனால் ஸ்விஃப்ட் வகையை முடிவு செய்யும் புள்ளி மூடிய இறகில் பின்னிறகுக்குள் ஒளிந்திருக்கிறது. அது இல்லாமல் ஐம்பது படம் இருந்தும் பயன் இல்லை.

படி 4: இறகு எப்படி வைத்திருக்கிறது?

தாவிக்குத் தடித்த உடல், அகன்ற தலை, ஒன்றுக்கொன்று தள்ளி முளைத்த உணர்கொம்புகள். கொம்பின் நுனி தடித்து, அதற்கப்பால் ஒரு சின்னக் கொக்கியாக வளையும். மற்ற வண்ணத்துப்பூச்சிகளுக்குக் குமிழ் மட்டும் உண்டு, கொக்கி இல்லை.

அடுத்தது உட்காரும் விதம். பின்னிறகைத் தரைக்கு இணையாக விரித்து, முன்னிறகை மட்டும் பாதி உயர்த்தி வைத்தால், பார்க்க ஜெட் விமானம் மாதிரி இருக்கும். அது ஹெஸ்பெரினே, அதாவது புல் தாவிகளின் கூட்டம். இவற்றின் புழுக்கள் புல், கோரை, மூங்கில், பனை போன்ற ஒருவித்திலைத் தாவரங்களை உண்பவை. நான்கு இறகையும் தட்டையாக விரித்து வைத்தால் வேறு கூட்டம். புல்வெளியில் காணப்படும் இண்டியன் ஸ்கிப்பர் என்ற ஸ்பியாலியா கல்பா இப்படித்தான் உட்காரும். கருமை மேல் வெள்ளைச் சதுரம் சதுரமாக இருக்கும் இதன் புழு புல்லைத் தொடாது. சைடா போன்ற துத்திக் குடும்பச் செடிகளை உண்ணும். புல்வெளியில் பார்த்ததாலேயே புல் தாவி என்று எழுதிவிடக் கூடாது.

பெயரை நம்பவும் கூடாது. ‘கிராஸ் டெமன்’ என்று அழைக்கப்படும் உடாஸ்பெஸ் ஃபோலஸ், பெயரில் புல்லை வைத்துக்கொண்டு மஞ்சள், இஞ்சி இலைகளில் வளர்கிறது. வெள்ளைப் பட்டையோடு பெரிய தாவியாக இருப்பதால் குழப்பம் இல்லை, ஆனால் இதைக் கண்டால் அருகில் மஞ்சள் பாத்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: நிறத்தால் மூன்று குவியல்

புல் தாவிதான் என்று தெரிந்ததும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல் மிகச் சிறியவை, இறகு விரித்து 2 முதல் 3 செ.மீ. வரை. பழுப்பு மேல் வெள்ளைப் புள்ளிகளும், அடிப்பக்கத்தில் துலக்கமான வெள்ளை நரம்புக் கோடுகளும் இருந்தால் கிரே-வெய்ன்ட் கிராஸ் டார்ட், அதாவது டாராக்ட்ரோசெரா மேவியஸ். இந்தப் பேரினத்தை உறுதிசெய்ய உணர்கொம்பு உதவும்: நுனி கொக்கியாக வளையாமல் மழுங்கி, கரண்டிபோல் குழிந்திருக்கும். மேற்கு மலைப் புல்வெளிகளில் இதன் உறவான தமிழ் கிராஸ் டார்ட், டாராக்ட்ரோசெரா செராமாஸ், மஞ்சள் கலந்து வரும்.

ஈரப் புல், நெல் வரப்பு என்றால் புஷ் ஹாப்பர், ஆம்பிட்டியா டயஸ்கோரைடிஸ். ஆணின் மேற்பக்கத்தில் மஞ்சள் திட்டு பெரிதாக விரிந்திருக்கும், பெண்ணில் சிறு புள்ளிகளாகச் சுருங்கிவிடும். இரண்டையும் இரண்டு இனமாக எழுதுபவர்கள் உண்டு. அடிப்பக்கப் பின்னிறகு மஞ்சள், அதன்மேல் கருந்தீற்றல்கள். அடிப்பக்கம் துருச் சிவப்பாகி வெள்ளிப் பொட்டுகள் பதிந்திருந்தால் செஸ்நட் பாப், இயாம்ப்ரிக்ஸ் சல்சாலா. இவற்றைவிடச் சற்றுப் பெரிதாக, அடிப்பக்கம் வெளிர் சாம்பலாகிக் கரும்பொட்டுகள் தெளித்திருந்தால் இண்டியன் பாம் பாப், சுவாஸ்டஸ் கிரேமியஸ்; அது புல்லில் உட்கார்ந்திருந்தாலும் அருகே ஈச்சமரமோ தென்னையோ இருக்கும். மேற்கு மலைப் பக்கம் 2 செ.மீ. அளவில், அடையாளம் ஏதும் பளிச்சென்று இல்லாத கரும்பழுப்பு ஒன்று புல்லடியில் தத்தினால், பிக்மி ஸ்க்ரப் ஹாப்பரைச் சந்தேகியுங்கள். நம் தாவிகளில் மிகச் சிறியவற்றில் அதுவும் ஒன்று.

இரண்டாவது குவியல் ஆரஞ்சு மஞ்சள் பட்டை உள்ள டார்ட்கள். ஏறத்தாழ 3.5 செ.மீ. அளவில் பெரியதாக, கரும்பு, உயர்புல் பக்கம் திரிவது டெலிகோட்டா பேரினம். அதில் பேல் பாம் டார்ட், டெலிகோட்டா கோலனில் முன்னிறகின் ஆரஞ்சுப் பட்டை நரம்பு வழியாக வெளிவிளிம்பு வரை இழுபட்டிருக்கும். டார்க் பாம் டார்ட், டெலிகோட்டா பாம்புசேயில் அப்படி இழுபடாது, விளிம்பு கருமையாகவே நிற்கும். சிறிய டார்ட்கள், அதாவது பொட்டாந்தஸ் பேரினம், வேறு கதை. இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்காமல் பல இனங்களைப் பிரிக்க முடியாது. புகைப்படத்தை வைத்து ‘பொட்டாந்தஸ் இனம்’ என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. யாராவது ஒரே படத்தைப் பார்த்து உறுதியாக இனப்பெயர் சொன்னால், எந்தப் பண்பை வைத்து என்று கேளுங்கள்.

மூன்றாவது குவியல்தான் எல்லோரையும் ஓட விடுவது.

படி 6: ஸ்விஃப்ட்கள், புள்ளி எண்ணும் முறை

ஒரே பழுப்பு, ஒரே 3 முதல் 4 செ.மீ. அளவு, முன்னிறகில் வெள்ளைப் புள்ளிகள். சமவெளியில் திரும்பத் திரும்ப வருபவை ரைஸ் ஸ்விஃப்ட் (போர்போ சின்னாரா), ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட் (பெலோப்பிடாஸ் மத்தியாஸ்), அதன் உறவுகள், பர்னாரா பேரினம்.

முதலில் இறகின் வரைபடத்தை மனதில் போடுங்கள். நடுவில் நரம்பு சூழ்ந்த நீண்ட அறைக்கு செல் என்று பெயர். அதிலிருந்து விளிம்புக்கு ஓடும் நரம்புகளை இறகின் பின்விளிம்பிலிருந்து எண்ணுகிறார்கள்: 1, 2, 3 என்று. இரண்டு நரம்புக்கு இடையே உள்ள பகுதிக்கு அதன் கீழ் நரம்பின் எண். பின்விளிம்பை ஒட்டிய அகன்ற பகுதி 1பி. முன்னிறகில் 2ஆம் பகுதியின் புள்ளி பெரியது, 3இல் அதைவிடச் சிறியது, 4இல் இன்னும் சிறியது. நுனிக்கு அருகே 6, 7, 8 பகுதிகளில் மூன்று பொட்டுகள். இது ஏறக்குறைய எல்லா ஸ்விஃப்ட்டுக்கும் பொது என்பதால் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: முன்னிறகின் மேற்பக்கம் 1பி-யில் புள்ளி உண்டா? போர்போ சின்னாராவுக்கு உண்டு. அது ஒளி ஊடுருவாத, மஞ்சள் சாயல் புள்ளி. பர்னாராவுக்கு இல்லை. பெலோப்பிடாஸ் மத்தியாஸ் ஆணுக்கு அந்த இடத்தில் புள்ளிக்குப் பதில் சாய்ந்த சாம்பல் கோடு இருக்கும். அது ஆணின் மணச்செதில்கள் அடுக்கிய பிராண்ட். பெண்ணுக்குக் கோடு கிடையாது, 1பி-யில் புள்ளி உண்டு. அதனால்தான் பெண் மத்தியாஸைப் பலரும் ரைஸ் ஸ்விஃப்ட் என்று எழுதிவிடுகிறார்கள்.

இரண்டு: அடிப்பக்கப் பின்னிறகின் செல்லுக்குள் பொட்டு உண்டா? மேலே சொன்ன குழப்பத்தை இது தீர்க்கும். பெலோப்பிடாஸுக்குப் பொதுவாக விளிம்புப்பக்கப் பொட்டு வரிசையோடு, உள்ளே தனியாக ஒரு செல்பொட்டும் இருக்கும். போர்போவுக்கும் பர்னாராவுக்கும் செல் வெறுமை.

மூன்று: பின்னிறகுப் பொட்டுகள் எப்படி அமைந்திருக்கின்றன? பர்னாராவில் ஒரே நேர்க்கோட்டில் நிற்பது போல இருக்கும், சிலவற்றில் தேய்ந்து இரண்டு மூன்றாகக் குறையும். பெலோப்பிடாஸில் வளைந்த வரிசை. ரைஸ் ஸ்விஃப்ட்டில் 2, 3ஆம் பகுதிப் பொட்டுகளும், அவற்றிலிருந்து விலகி 6இல் ஒன்றும் தெரியும். பின்னிறகில் பொட்டே இல்லையென்றால் பிளாங்க் ஸ்விஃப்ட் (கால்டோரிஸ் குமாரா) அல்லது பெயின்ட்பிரஷ் ஸ்விஃப்ட் (பாவோரிஸ் ஃபாரி). இவற்றில் பின்னதன் ஆணுக்குப் பின்னிறகு மேற்பக்கத்தில் தூரிகை போன்ற முடிக்கற்றை உண்டு. பெயர் வந்ததே அதனால்தான்.

நான்கு: உணர்கொம்பின் நீளம். முன்னிறகின் முன்விளிம்பில் பாதிக்கும் குறைவாக இருந்தால் பர்னாரா. படத்தில் அளக்கும்போது கொம்பு கேமராவை நோக்கிச் சாய்ந்திருந்தால் குட்டையாகவே தெரியும், அந்தப் படத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

பிராண்ட் தெரியும் ஆண் கிடைத்துவிட்டால் இன்னும் ஒரு படி போகலாம். முன்னிறகுச் செல்லில் உள்ள இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு கற்பனைக் கோடு வரைந்து பின்விளிம்பு நோக்கி நீட்டுங்கள். கோடு பிராண்டை வெட்டினால் மத்தியாஸ். பிராண்டின் கீழ்நுனியைத் தொட்டும் தொடாமலும் போனால் அப்ஸ்க்யூர் பிராண்டட் ஸ்விஃப்ட், பெலோப்பிடாஸ் அக்னா. இறகு சாய்ந்த படத்தில் இந்தக் கோணம் பொய் சொல்லும். இறகு கேமராவுக்கு நேராக இருக்கும் படத்தில் மட்டும் செய்யுங்கள். உடலும் இறகும் கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்து, செல்புள்ளிகள் இரண்டும் பெரிதாகி ஒட்டிக்கொண்டால் கன்ஜாய்ன்ட் ஸ்விஃப்ட், பெலோப்பிடாஸ் கன்ஜங்க்டா; அதன் ஆணுக்குப் பிராண்டே கிடையாது.

படத்தைப் பார்க்கும்போது ஏமாறும் இடங்கள் சில. ஒளி ஊடுருவும் புள்ளி பின்னணி நிறத்தை எடுத்துக்கொள்ளும்: பச்சைப் புல்லுக்கு முன்னால் பச்சையாகவும், நிழலுக்கு முன்னால் கறுப்பாகவும் தெரிந்து, ‘புள்ளி இல்லை’ என்று முடிவுசெய்ய வைக்கும். செதில் உதிர்ந்த பழைய பூச்சியில் புதிதாக ஒரு ‘கண்ணாடிப் புள்ளி’ முளைக்கும். எதிர்ப்பக்க இறகில் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். நிறச்சாயலையும் அளவையும் ஆதாரமாக வைக்காதீர்கள். பருவத்துக்குப் பருவம் சாயல் மாறுகிறது, பட்டினி கிடந்த புழுவிலிருந்து குட்டைப் பூச்சியே வரும்.

படி 7: புழுவைத் தேடுதல்

இறகில் தீராத சந்தேகம் சில நேரம் புழுவில் தீரும். புல் தாவியின் புழு பச்சை, வழவழப்பு. கழுத்து ஒடுங்கி, தலை மட்டும் பெரிய மணிபோல் துருத்தியிருக்கும். இலையின் இரு ஓரத்தையும் பட்டு நூலால் தைத்துக் குழாயாக்கி அதற்குள் இருந்து, வெளியே வந்து மேய்ந்து திரும்பும். குழாய்க்குள் எச்சம் கிடக்காது. ஆசனவாயின் மேல் உள்ள சீப்பு போன்ற உறுப்பால் எச்ச உருண்டையைத் தூர எறிந்துவிடும். எச்ச மணத்தைத் தேடி வரும் குளவிகளை ஏமாற்றவே இந்த ஏற்பாடு என்று விளக்கப்படுகிறது.

நெல் வயலில் இதை இலைச்சுருட்டுப் புழுவோடு குழப்பிக்கொள்வது வழக்கம். இலைச்சுருட்டுப் புழு அந்துப்பூச்சியுடையது. மெலிந்தது, தலை பெருத்திருக்காது, இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டி வெண்கோடுகளை விட்டுவைக்கும். தாவிப் புழு இலையின் ஓரத்திலிருந்து நடுநரம்பு நோக்கிக் கடித்துத் தின்றுவிடும். நெல்லில் தாவிப் புழு சேதம் பெரும்பாலும் சிறியது, இதற்காக மருந்தடிக்க ஓடத் தேவையில்லை.

வளர்ப்பதென்றால் அதிகபட்சம் ஒன்றிரண்டு புழு எடுங்கள். அதே புல்லின் தண்டைச் சிறு நீர்க்குப்பியில் செருகி, வாயில் பஞ்சை அடைத்து (இல்லாவிட்டால் புழு நீரில் விழுந்து சாகும்), காற்றோட்டமுள்ள வலைப் பெட்டிக்குள் வையுங்கள். மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் கட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். இலை காய்ந்தாலோ புழு தின்பதை நிறுத்தும். இரண்டு நாளுக்கொருமுறை தண்டை மாற்றுங்கள், ஆனால் தைத்த குழாயைப் பிரிக்காமல் இலையோடு வெட்டிப் புது இலைமேல் வையுங்கள். தலையின் நேர்முகப் படம் ஒன்று எடுத்துவைக்க வேண்டும், முகக்கோடுகளின் நிறமும் இடமும் இனத்துக்கு இனம் வேறுபடும். கூட்டுப்புழுவாவதற்கு முன் வயிற்றடியில் வெள்ளை மெழுகுப் பொடி தோன்றினால் பயப்படாதீர்கள், அது நோயல்ல. கூட்டின் உட்பக்கத்தைப் பூசுவதற்கான பொடி. புழுவின் மேல் அரிசிமணி போல் சிறுசிறு வெண்கூடுகள் முளைத்தால் ஒட்டுண்ணிக் குளவி வென்றுவிட்டது. அதையும் படம் எடுத்துப் பதியுங்கள், அந்தத் தகவலும் அரிது.

முட்டையிலிருந்து இறகு வரை வெயில் காலத்தில் ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம். பூச்சி வெளிவந்ததும் கூட்டுப்புழு ஓட்டை எறியாதீர்கள். நடுவிலும் முனையிலும் படமெடுத்துத் தேதி எழுதி வையுங்கள். இறகு உலர ஓரிரு மணி நேரம் விட்டு, அதே புல்வெளியில், வெயில் ஏறிய பிறகு விடுங்கள்.

பதிவு

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்களில் ஏற்றும்போது மேற்பக்கம், அடிப்பக்கம், உணர்கொம்பு மூன்றையும் ஒரே பதிவில் சேர்த்து, இடம், தேதி, மணி, உட்கார்ந்த செடி, ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். தானியங்கி பரிந்துரை முதலில் காட்டும் பெயரை அப்படியே ஏற்க வேண்டாம். ஸ்விஃப்ட்களில் அதற்கும் நமக்குள்ள அதே சிக்கல்தான். 1பி புள்ளி தெரியாத படம், செல்பொட்டு தெரியாத படம் என்றால் ‘போர்போ அல்லது பெலோப்பிடாஸ்’ என்று குறித்துவிட்டு, மறுநாள் காலை அதே வரப்புக்குப் போங்கள். பெரும்பாலும் அதே புல்நுனியில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும்.